வீட்டில் புகும் மழைநீரை வெளியேற்ற நம்பகமான பம்பு: தேர்வு செய்வது எப்படி?

திருவனந்தபுரம்: ஆண்டின் பெரும்பகுதி மூலையில் கிடந்து, கனமழை கொட்டும் ஓரிரு இரவுகளில் மட்டும் தவறாமல் இயங்க வேண்டிய இயந்திரம், வெள்ளநீரை வெளியேற்றும் பம்பு. பனி பொழியும் நாடுகளில், வாசலை அடைக்கும் பனியை அகற்றும் இயந்திரத்தை வாங்குவோர் கேட்கும் அதே கேள்வியைத்தான் மழை மிகுந்த கேரளத் தலைநகரின் தாழ்வான பகுதிகளில் வசிப்போரும் கேட்க வேண்டியுள்ளது. பல மாதங்கள் பயன்படாமல் இருந்த இயந்திரம், தேவைப்படும் நேரத்தில் முதல் முயற்சியிலேயே இயங்குமா?

குதிரைத்திறன், விலை, நிறுவனத்தின் பெயர் ஆகிய மூன்றைப் பார்த்தே பெரும்பாலானோர் பம்பு வாங்குகின்றனர். ஆனால் பம்பின் நம்பகத்தன்மை வேறு சிலவற்றைப் பொறுத்தது. எத்தகைய நீரை இறைக்கப் போகிறோம், அந்த நீர் எங்கே செல்லும், மின்சாரம் இல்லாதபோது மாற்று ஏற்பாடு என்ன, மழையற்ற மாதங்களில் பம்பு எவ்வாறு பாதுகாக்கப்படுகிறது என்பவையே அவை. இவற்றை வரிசையாக விளக்குகிறது இத்தொகுப்பு. கன்னியாகுமரி, நெல்லை, சென்னை உள்ளிட்ட தமிழகப் பகுதிகளுக்கும் இதிலுள்ள தகவல்கள் பொருந்தும்.

திருவனந்தபுரத்தில் நீர் தேங்குவது ஏன்?

குன்றுகளும் பள்ளங்களும் மாறிமாறி அமைந்த நகரம் திருவனந்தபுரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'துலாவர்ஷம்' எனப்படும் வடகிழக்குப் பருவமழையும் இங்குப் பொழிகின்றன. குன்றுகளில் விழும் நீர், மலையாளத்தில் 'தோடு' எனப்படும் ஓடைகள் வழியாகப் பள்ளங்களை அடைகிறது.

இவற்றுள் முக்கியமானது ஆமயிழஞ்சான் தோடு. ஒப்சர்வேட்டரி குன்றுப் பகுதியில் தொடங்கும் இந்த ஓடை, தம்பானூரில் ரயில் நிலையத்தின் அடியில் சென்று, கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் ஏரியை அடைகிறது. ஆக்குளம் நீர் வேளி காயல் வழியாகக் கடலில் கலக்கிறது. வேளி கழிமுகத்தில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும்போது நீர் கடலுக்குள் செல்ல இயலாமல் பின்னோக்கித் தேங்குகிறது. ஓடைகளில் சேரும் நெகிழிக் கழிவும் வண்டலும் நிலைமையை மோசமாக்குகின்றன. 2024 ஜூலையில் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் இந்த ஓடையின் கழிவை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்த நிகழ்வு, அடைப்பின் தீவிரத்தை நாடு முழுவதும் உணர்த்தியது.

தம்பானூர் பகுதியின் வெள்ளத் தேக்கத்துக்குத் தீர்வு காண 2015-ஆம் ஆண்டு 'ஆபரேஷன் அனந்தா' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. வடிகால்களின் மேல் இருந்த ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டு, கால்வாய்கள் தூர்வாரப்பட்டன. எனினும் 2023 அக்டோபர் நடுவில் ஒரே இரவில் கொட்டிய மழையில் நகரின் தாழ்வான பகுதிகள் பலவும் நீரில் மூழ்கின. கண்ணம்மூலை, கௌரீசபட்டம், கழக்கூட்டம் போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. கழக்கூட்டம் துணை மின்நிலைய வளாகத்தையும் வெள்ளம் சூழ்ந்தது. வீட்டில் மின்பம்பு மட்டும் வைத்திருந்தால் போதாது என்பதை அந்த இரவு காட்டியது.

முதல் கேள்வி: நீர் எங்கே செல்லும்?

பம்பு வாங்குவதற்கு முன்பு விடை காண வேண்டிய கேள்வி இதுவே. முற்றத்தில் தேங்கும் நீர், தெருவிலும் ஓடையிலும் உள்ள நீரைவிடத் தாழ்ந்த மட்டத்தில் இருந்தால் பம்பு பயன் தரும். கீழ்த்தளம், வாகனம் நிறுத்தும் பள்ளம், சுற்றுச்சுவருக்குள் அடைபட்ட முற்றம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் ஓடையே கரைபுரண்டு, தெருவும் முற்றமும் ஒரே நீர்ப்பரப்பாகிவிட்டால், எவ்வளவு திறன்வாய்ந்த பம்பும் அதே நீரைச் சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருக்கும். அந்நிலையில் மின்இணைப்பைத் துண்டித்து, மேல்தளத்துக்கோ பாதுகாப்பு முகாமுக்கோ செல்வதே முறை.

கரமனை ஆற்றங்கரையில் வசிப்போர் அருவிக்கரை அணையின் மதகுகள் திறக்கப்படும் அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். ஆற்று நீர்மட்டம் உயரும்போது பம்பை நம்பி வீட்டிலேயே தங்குவது ஆபத்தானது.

அண்டை வீட்டின் முற்றத்துக்கு நீரைத் திருப்பி விடுவது தீர்வாகாது. அது பிணக்கையே வளர்க்கும். நீர் செல்லும் வழியை மழைக்காலத்துக்கு முன்பே அண்டை வீட்டாருடனும் குடியிருப்போர் சங்கத்துடனும் பேசி முடிவு செய்வது நல்லது. கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழியும் இடங்களில் இது மேலும் அவசியமாகிறது.

எவ்வளவு நீர்? ஒரு கணக்கு

கேரளத்தில் வீட்டுமனைகள் சென்ட் கணக்கில் அளக்கப்படுகின்றன. ஒரு சென்ட் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஐந்து சென்ட் மனை சுமார் 200 சதுர மீட்டர். அதில் பாதியை வீடு எடுத்துக்கொண்டால் எஞ்சும் முற்றம் 100 சதுர மீட்டர். அங்கே 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் அளவு 15,000 லிட்டர்.

நிமிடத்துக்கு 250 லிட்டர் இறைக்கும் பம்பு இதனை ஒரு மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். ஆனால் மழை ஓயாதபோது கணக்கு மாறுகிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், கூரை நீரும் முற்றத்திலேயே விழும் வீட்டில் மணிக்கு 10,000 லிட்டர் நீர் புதிதாகச் சேரும். நிமிடக் கணக்கில் இது சுமார் 167 லிட்டர். பம்பின் திறனில் மூன்றில் இரு பங்கு புதிய நீரை இறைப்பதற்கே செலவாகும். தேங்கிய நீர் வடிய மூன்று மணி நேரம் ஆகும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவதாக, நிமிடத்துக்கு 40 அல்லது 50 லிட்டர் மட்டும் இறைக்கும் வீட்டுப் பம்பு இத்தகைய மழையில் பின்தங்கிவிடும். இரண்டாவதாக, கூரை நீரைத் தனிக் குழாய் மூலம் வெளியேற்றினாலோ மழைநீர்த் தொட்டியில் சேர்த்தாலோ பம்பின் சுமை பாதியாகக் குறையும். பெரிய பம்பு வாங்குவதைவிட இதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் குறைவு.

பம்பு வகைகளும் அவற்றின் எல்லைகளும்

மோனோபிளாக் பம்பு: கிணற்றிலிருந்தோ தரைத்தொட்டியிலிருந்தோ மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் இப்பம்பு பெரும்பாலான வீடுகளில் உள்ளது. மோட்டார் தரைக்கு மேலே இருப்பதால், நீர் அதனைத் தொட்டாலே பழுதாகிவிடும். இயங்கத் தொடங்கும் முன் உறிஞ்சு குழாயில் நீர் நிரம்பியிருக்க வேண்டும். உறிஞ்சும் ஆழம் நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டருக்கு மேல் செல்லாது. சேறும் இலைகளும் கலந்த வெள்ளநீருக்கு இது ஏற்றதல்ல.

திறந்தவெளிக் கிணற்று நீர்மூழ்கி பம்பு: நீருக்குள் மூழ்கியே இயங்கும். சுற்றியுள்ள நீரே மோட்டாரைக் குளிர்விக்கிறது. நீர்மட்டம் தாழ்ந்து பம்பு வெளியே தெரியும்போது மோட்டார் சூடேறும். இதுவும் தெளிந்த நீருக்கானதே.

கழிவுநீர் நீர்மூழ்கி பம்பு: வீட்டில் புகும் வெள்ளநீருக்கு மிகவும் பொருத்தமானது இது. இதன் சுழலி, சிறு கற்களும் இலைகளும் கடந்து செல்லும் வகையில் அகலமான இடைவெளியுடன் அமைக்கப்பட்டிருக்கும். எத்தனை மில்லிமீட்டர் அளவுள்ள திடப்பொருள் வரை கடந்து செல்லும் என்பது பெயர்ப்பலகையிலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். நீர்மட்டத்துக்கு ஏற்பப் பம்பைத் தானாக இயக்கி நிறுத்தும் மிதவை சுவிட்ச் இணைந்த பம்பு கூடுதல் பாதுகாப்பு தரும். வீட்டில் எவரும் இல்லாதபோதும், நள்ளிரவிலும் இது பயன்படும்.

தட்டையடிப் பம்பு: தரையோடு படிந்து, சில மில்லிமீட்டர் நீர் எஞ்சும் வரை உறிஞ்சும். மற்ற பம்புகள் விட்டுச்செல்லும் நீரை அகற்ற உதவும். பெருமளவு சேறு கலந்த நீரை இது தாங்காது.

பெட்ரோல் எஞ்சின் பம்பு: மின்சாரம் இல்லாதபோது கைகொடுக்கும். இரண்டு அங்குல வாய் கொண்ட சிறு பம்புகளே நிமிடத்துக்குப் பல நூறு லிட்டர் இறைக்கும் திறன் பெற்றவை. சேற்றுநீருக்கெனத் தனியே வடிவமைக்கப்பட்ட பம்புகளும் உள்ளன. எரிபொருள், எண்ணெய், புகை, இரைச்சல் ஆகியவற்றைக் கையாளத் தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

பெயர்ப்பலகையைப் படிப்பது எவ்வாறு?

பம்பின் பெயர்ப்பலகையில் 'ஹெட்' எனக் குறிப்பிடப்படுவது, நீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ள முடியும் என்பதாகும். 'டிஸ்சார்ஜ்' என்பது நிமிடத்துக்கு எவ்வளவு நீர் வெளியேறும் என்பதைக் குறிக்கும். இவ்விரண்டின் உச்ச அளவுகளும் ஒரே நேரத்தில் கிடைக்காது. உச்ச உயரத்தில் நீர் வெளியேற்றம் ஏறத்தாழ பூஜ்ஜியம். உச்ச வெளியேற்றம் உயரமே இல்லாத நிலையில் மட்டும் கிடைக்கும்.

முற்றத்திலிருந்து சுற்றுச்சுவரைத் தாண்டி நீரை அனுப்ப, குழாயின் உராய்வையும் சேர்த்து நான்கு அல்லது ஐந்து மீட்டர் உயரத்துக்கான திறனே போதும். ஆகவே 'அதிகபட்சம் 30 மீட்டர் உயரம், நிமிடத்துக்கு 40 லிட்டர்' என்று குறித்த பம்பைவிட, 'அதிகபட்சம் 10 மீட்டர் உயரம், நிமிடத்துக்கு 250 லிட்டர்' என்று குறித்த பம்பே இங்குப் பயன்படும். இரண்டும் ஒரே குதிரைத்திறன் கொண்டவையாக இருக்கக்கூடும். ஐந்து மீட்டர் உயரத்தில் எவ்வளவு நீர் வெளியேறும் என்பதைக் கையேட்டில் உள்ள வரைபடத்தைக் காட்டுமாறு விற்பனையாளரிடம் கேட்டு அறியலாம். வரைபடமே இல்லாத பம்பைத் தவிர்ப்பது நல்லது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை குறித்தும் தெளிவு தேவை. மோனோபிளாக் பம்புகளுக்கான ஐ.எஸ். 9079, திறந்தவெளிக் கிணற்று நீர்மூழ்கி பம்புகளுக்கான ஐ.எஸ். 14220, ஆழ்துளைக் கிணற்றுப் பம்புகளுக்கான ஐ.எஸ். 8034 ஆகிய தரநிலைகள் தெளிந்த, குளிர்ந்த நீரை அடிப்படையாகக் கொண்டவை. அந்த முத்திரை தரத்துக்குச் சான்று. ஆனால் அந்தப் பம்பு சேற்றுநீரைத் தாங்கும் என்பதற்கு அது உத்தரவாதமாகாது.

குழாயின் விட்டமும் முக்கியம். ஒரே அளவு நீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் செலுத்தினால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 32 மடங்காக உயரும். இரண்டு அங்குல வாய் கொண்ட பம்பில் ஒரு அங்குலத் தோட்டக்குழாயை மாட்டினால், பம்பின் திறனில் பெரும்பகுதி வீணாகும். வெளியேற்றும் பக்கத்தில் சுருட்டி வைக்கக்கூடிய தட்டைக் குழாயைப் பயன்படுத்தலாம். எஞ்சின் பம்பின் உறிஞ்சும் பக்கத்திலோ, உள்ளிழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளாத கெட்டியான குழாயும், அதன் முனையில் வடிகட்டியும் கட்டாயம் தேவை.

குழாயின் வெளிமுனை ஓடை நீரில் மூழ்கியிருக்கக் கூடாது. பம்பு நின்றவுடன் ஓடை நீர் அதே குழாய் வழியாக முற்றத்துக்குத் திரும்பிவிடும். நீரைப் பின்னோக்கி விடாத வால்வு ஒன்றைப் பொருத்துவதும், வெளிமுனையை நீர்மட்டத்துக்கு மேலே கட்டி வைப்பதும் இதனைத் தடுக்கும்.

மின்சாரம்: உயிர் காக்கும் விதிகள்

வெள்ளநீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் ஒரு சிறு கவனக்குறைவும் உயிரைப் பறிக்கும். பம்பு வாங்குவதற்கு முன்பே வீட்டு மின்இணைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

* 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனம் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, அது செயல்படுகிறதா எனச் சீரான இடைவெளியில் பார்க்க வேண்டும்.

* பம்புக்கான மின்புள்ளி, இதற்கு முன் வெள்ளம் எட்டிய மட்டத்தைவிட உயரமான இடத்தில் அமைய வேண்டும். நீட்டிப்புக் கம்பியின் இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது.

* நீர் நிற்கும் இடத்தில் இறங்குவதற்கு முன் அப்பகுதிக்கான மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். மெயின் சுவிட்சை அடைய நீரில் நடக்க வேண்டியிருந்தால் அம்முயற்சியைக் கைவிட்டு, 1912 என்ற எண்ணில் மின்வாரியத்தை அழைக்க வேண்டும்.

* நீர்மூழ்கி பம்பை அதன் மின்கம்பியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கைப்பிடியில் கட்டிய நைலான் கயிற்றைப் பயன்படுத்த வேண்டும். பம்பை இடம் மாற்றும்போது மின்இணைப்பை முதலில் அகற்ற வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டரில் பம்பு இயங்குமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. மோட்டார் தொடங்கும் கணத்தில் இயல்பான அளவைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. அரை குதிரைத்திறன் மோட்டாரே அந்தக் கணத்தில் மூன்று கிலோவோல்ட் ஆம்பியர் அளவுக்குக் கேட்கக்கூடும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் பொருத்தப்பட்ட சிறு இன்வெர்ட்டர்களால் பொதுவாக இதனைத் தாங்க இயலாது. ஜெனரேட்டர் வாங்குவோர் இந்தத் தொடக்கச் சுமையைக் கணக்கிட்டே வாங்க வேண்டும். மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு மின்இணைப்பில் செருகினால் மின்சாரம் வெளிக்கம்பிக்குப் பாய்ந்து, பழுதுபார்க்கும் மின்ஊழியரின் உயிருக்கு ஆபத்தாக முடியும்.

பெட்ரோல் பம்பு: புகையும் எரிபொருளும்

பெட்ரோல் எஞ்சின் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. மூடிய இடத்தில் சில நிமிடங்களிலேயே மயக்கத்தையும் மரணத்தையும் விளைவிக்கும். கதவும் சன்னலும் திறந்திருந்தாலும் கீழ்த்தளம், வண்டிக்கூடம், வராந்தா ஆகியவற்றில் எஞ்சினை இயக்கக் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தொலைவில், புகை சன்னல் பக்கம் செல்லாதவாறு வைக்க வேண்டும். எனவே பம்புடன் போதிய நீளமுள்ள குழாயையும் வாங்குவது அவசியம். கிணற்றின் உள்ளே எஞ்சினை இறக்குவது உயிருக்கு உலை வைக்கும் செயல்.

எஞ்சின் தேவைப்படும் நாளில் இயங்காமல் போவதற்குப் பழைய பெட்ரோலே முதன்மைக் காரணம். பல மாதங்கள் நின்ற பெட்ரோல், கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின்போல் படிந்து அடைத்துக்கொள்கிறது. இந்தியாவில் இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். கடலோர நகரமான திருவனந்தபுரத்தின் ஈரக்காற்றில் இந்தச் சிக்கலுக்கு இடம் அதிகம்.

இதற்கான தீர்வு எளியது. மழைக்காலம் முடிந்ததும் தொட்டியிலுள்ள பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விட வேண்டும். கார்புரேட்டரில் எஞ்சியிருப்பதும் இதனால் தீர்ந்துவிடும். அடுத்த பருவத்தில் புதிய பெட்ரோலை மட்டும் ஊற்ற வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருளுக்கு ஏற்ற எஞ்சினா என்பதை வாங்கும்போதே கேட்டறிய வேண்டும். எண்ணெய் குறைந்தால் தானாக நிற்கும் வசதி கொண்ட நான்கு வீச்சு எஞ்சின் விரும்பத்தக்கது. இழுகயிற்றை இழுத்து எஞ்சினைத் தொடங்க வேண்டியிருப்பதால், வீட்டிலுள்ள மூத்தோரும் பெண்களும் அதனைக் கடையிலேயே இயக்கிப் பார்ப்பது நல்லது. மழை இரவில் வீட்டில் இருக்கப் போகிறவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.

கடையில் கேட்க வேண்டியவை

இந்தியாவின் முதன்மையான பம்பு உற்பத்தி மையங்களுள் ஒன்று கோயம்புத்தூர். அண்டை மாநிலமான கேரளத்திலும் அங்குத் தயாராகும் பம்புகள் பரவலாக விற்பனையாகின்றன. தமிழ் வணிகர்கள் பலர் தலைமுறைகளாகத் தொழில் நடத்தும் திருவனந்தபுரம் சாலைச் சந்தையிலும் சுற்றுப்பகுதிகளிலும் வாங்குவோர், விலை பேசுவதற்கு முன் பின்வருவனவற்றைக் கேட்கலாம்.

* சுழலி, மெக்கானிக்கல் சீல், கெப்பாசிட்டர், மிதவை சுவிட்ச் ஆகிய நான்கு உதிரிபாகங்களும் நகரிலேயே கிடைக்கின்றனவா?

* பழுதுபார்க்கும் மையம் எங்கே உள்ளது? மழைக்காலத்தில் எத்தனை நாளில் சரிசெய்து தருவர்?

* அளவுக்கு மீறிச் சூடேறினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதா?

* தண்டும் திருகாணிகளும் துருப்பிடிக்காத எஃகால் ஆனவையா? கடற்காற்று வீசும் சங்குமுகம், பூந்துறை, கோவளம் போன்ற பகுதிகளுக்கு இது அவசியம்.

* நீர் தீர்ந்து வெறுமனே ஓடுவதற்கு எதிரான பாதுகாப்பு உள்ளதா? நீரின்றிச் சில நிமிடங்கள் ஓடினாலே சீல் கருகிவிடும்.

* வெள்ளநீர் இறைப்பில் ஏற்படும் பழுதுக்கும் உத்தரவாதம் பொருந்துமா? தெளிந்த நீருக்கான பம்பைச் சேற்றில் இயக்கினால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம்.

தனியாக வாங்குவதா, கூட்டாக வாங்குவதா?

ஆண்டில் சில மணி நேரமே பயன்படும் இயந்திரத்தை ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டிய தேவையில்லை. வாடகைக்கு எடுக்கலாம் என எண்ணுவோர், எல்லோருக்கும் ஒரே நாளில் பம்பு தேவைப்படும் என்பதை மறக்கலாகாது. திருவனந்தபுரத்தில் குடியிருப்போர் சங்கங்கள் வலுவாக இயங்குகின்றன. பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து பெட்ரோல் பம்பு ஒன்றையும் நீண்ட குழாயையும் வாங்கி, அவற்றின் பராமரிப்புப் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தால் செலவு குறையும். பம்பு உயிர்ப்புடனும் இருக்கும். கீழ்த்தளமோ பள்ளமோ உள்ள வீடுகள் மட்டும் மிதவை சுவிட்ச் இணைந்த சிறிய கழிவுநீர் பம்பைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

இறைக்கும் வேகத்திலும் கவனம்

வெளியே நிலம் ஊறியிருக்கும்போது கீழ்த்தளத்து நீரை ஒரேயடியாக இறைத்தால், மண்ணின் அழுத்தத்தால் சுவர் உள்வாங்கி இடிய வாய்ப்புண்டு. ஆழமாக நீர் நிற்கும் கீழ்த்தளத்தில் ஒரு பகுதியை இறைத்துவிட்டு, நீர்மட்டம் மீண்டும் உயர்கிறதா எனப் பார்த்த பின்னரே அடுத்த பகுதியை இறைக்க வேண்டும்.

கிணறுகளுக்கும் இது பொருந்தும். கேரளத்தில் வீட்டுக்கு வீடு கிணறு இருப்பது வழக்கம். 400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது ஏராளமான கிணறுகள் மாசடைந்தன. வெள்ளம் வடிந்தவுடன் கிணற்றை முழுவதும் இறைத்தால், ஈரம் ஊறிய பக்கச்சுவர் சரியக்கூடும். சுற்றுப்புற நீர்மட்டம் தணிந்த பிறகு, படிப்படியாக இறைப்பதே பாதுகாப்பானது. வெள்ளத்துக்குப் பின் ஆயிரம் லிட்டர் கிணற்று நீருக்கு 5 கிராம் என்ற அளவில் பிளீச்சிங் தூள் கலந்து கிருமி நீக்கம் செய்யப்படுகிறது. அதன் பின்னரும் குடிநீரைக் கொதிக்க வைத்தே அருந்த வேண்டும்.

வெள்ளநீரில் இறங்கி வேலை செய்வோருக்கு எலிக்காய்ச்சல் தொற்றும் ஆபத்து உண்டு. முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் கையுறையும் அணிய வேண்டும். காலில் புண் உள்ளவர்கள் நீரில் இறங்கக் கூடாது. தடுப்பு மருந்து குறித்து அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் ஆலோசனை பெறலாம். பின்னர் காய்ச்சல் வந்தால், வெள்ளநீரில் இறங்கியதை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும்.

மழைக்கு முன் ஒரு மணி நேரம்

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இயல்பாகத் தொடங்கும் நாள் ஜூன் 1. ஆகவே மே மாத இறுதியிலும், துலாவர்ஷத்துக்கு முன்பு செப்டம்பர் இறுதியிலும் பம்பைச் சோதிப்பது பயன் தரும்.

* பெரிய வாளியிலோ தொட்டியிலோ நீர் நிரப்பி, நீர்மூழ்கி பம்பை ஒரு நிமிடம் இயக்கிப் பார்க்க வேண்டும். மோட்டார் முனகினாலும் சுழலாமல் இருந்தால் கெப்பாசிட்டரோ இறுகிய சுழலியோ காரணமாக இருக்கலாம்.

* மிதவை சுவிட்சைக் கையால் உயர்த்தியும் தாழ்த்தியும், பம்பு இயங்கி நிற்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

* மின்கம்பியில் எலி கடித்த தடமோ வெடிப்போ உள்ளதா எனக் கவனிக்க வேண்டும்.

* பெட்ரோல் எஞ்சினைப் புதிய எரிபொருளுடன் பத்து நிமிடங்கள் நீர் இறைத்தபடி இயக்க வேண்டும். எண்ணெய், காற்று வடிகட்டி, தீப்பொறிச் செருகி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

* குழாயை முழு நீளத்துக்கு விரித்து, ஓட்டை உள்ளதா எனப் பார்த்து, பிடிவளையங்களுடன் பம்பின் அருகிலேயே வைக்க வேண்டும்.

* சேற்றுநீரை இறைத்த ஒவ்வொரு முறையும், நல்ல நீரைச் சில நிமிடங்கள் இறைத்துக் கழுவி உலர்த்திய பிறகே பம்பை எடுத்து வைக்க வேண்டும். உள்ளே காய்ந்த சேறு அடுத்த ஆண்டு சுழலியை இறுக்கிவிடும்.

* வெள்ளம் முதலில் புகும் இடம் கீழ்த்தளமே. பம்பை அங்கு வைக்காமல் உயரமான, கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.

சுருக்கமாகக் கூறினால், திருவனந்தபுரத்தின் தாழ்வான பகுதியிலுள்ள வீட்டுக்கு, குறைந்த உயரத்துக்கு அதிக நீரை இறைக்கும், மிதவை சுவிட்ச் இணைந்த அரை முதல் ஒரு குதிரைத்திறன் வரையிலான கழிவுநீர் நீர்மூழ்கி பம்பு பொதுவாகப் போதுமானது. மின்தடைக்கு மாற்றாக, தெருவினர் கூட்டாகப் பராமரிக்கும் பெட்ரோல் பம்பு ஒன்று இருந்தால் பாதுகாப்பு கூடும். நிலைமை கைமீறினால், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம்.